தொழிலிடத்து மன அழுத்தமும் மனிதக் கடமையும்

உழைப்பானது மனிதனுக்கு உணவையும் உடையையும் மட்டும் தருவதன்று. ஊரிலே ஒரு மதிப்பையும், வீட்டிலே ஒரு பொறுப்பையும், தன் மனத்திலே ஒரு நிறைவையும் அது தருகின்றது. வேலையின்றி இருப்பவன் படும் துயரத்தை அறிந்தவர்கள் உழைப்பின் அருமையை நன்கு அறிவர். ஆயினும் அதே உழைப்பு ஒருவனுடைய உறக்கத்தைக் கெடுத்து, உணவை வெறுக்கச் செய்து, மனைவி மக்களிடம் எரிந்து விழச் செய்து, ஈற்றிலே அவனை வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்திவிடுவதையும் இன்று பல குடும்பங்களிலே காணமுடிகின்றது.

முன்னாளிலே கிராமத்து உழைப்புப் பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் நடைபெற்றது. அங்கும் கவலை இருந்தது. மழை பொய்க்கும், விளைந்த வெங்காயத்துக்கு விலை கிடையாது, கடலுக்குப் போனவர் வெறும் வலையோடு திரும்புவார். ஆனால் பொய்த்த மழை எவரையும் பலர் முன்னிலையில் வைத்து ஏசியதில்லை. இன்று அதே கிராமத்துப் பிள்ளைகள் வங்கியிலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் தனியார் கம்பனிகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கின்றார்கள். இவர்களுடைய கவலை பெரும்பாலும் மனிதராலே வருகின்றது. மேலதிகாரி கேட்கும் விளக்கம், முடிக்கவேண்டிய திகதி, எட்டவேண்டிய இலக்கு, எதிர்பாராத இடமாற்றம், சக ஊழியரின் புறங்கூறல், இரவு பத்து மணிக்கு வந்து விழும் வட்ஸ்அப் செய்தி என்பன இன்றைய கவலைகளாகும்.

மன அழுத்தம் என்றும் உளநெருக்கீடு என்றும் இதனை அறிஞர் அழைப்பர். இதனை வைத்தியருக்கு உரிய விடயம் என்று மட்டும் கருதி விட்டுவிடுவது பொருந்தாது. ஏனெனில் இதற்குள்ளே ஓர் அறக் கேள்வி அடங்கியிருக்கின்றது. ஒருவன் தொழிலிடத்திலே நொந்து போகின்றான் என்றால் அதற்குப் பொறுப்பாளி யார்? தாங்கிக்கொள்ள முடியாத அவனுடைய பலவீனமா? சுமத்தியவர்களுடைய குற்றமா? அவனோடு கூட இருந்தும் கண்டுகொள்ளாதவர்களுக்கு இதில் பங்கில்லையா? இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வது யாவருக்கும் பயன்தரும்.

உடலிலே நடப்பது என்ன?

ஒழுங்கையால் போகின்ற ஒருவனை நாய் துரத்துகின்றது என வைத்துக்கொள்வோம். அக்கணமே அவனுடைய நெஞ்சு படபடக்கின்றது, மூச்சு வேகமாகின்றது, கைகால்களுக்குக் குருதி பாய்கின்றது, பசி மறந்துபோகின்றது. சிறுநீரகங்களின் மேலேயுள்ள சுரப்பிகள் அதிரினலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்களைக் குருதியிலே கலந்துவிடுவதே இதற்குக் காரணமாகும். எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் தன்னைத் தயார் செய்துகொள்கின்றது. இதனை அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே விளக்கினார். கனடாவிலே பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்பார் 1936 இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றின் மூலம் இவ்வாராய்ச்சியை மேலும் விரித்தார். உடல் முதலிலே விழித்தெழுகின்றது. பின்னர் தாக்குப் பிடிக்கின்றது. துன்பம் நீங்காது தொடருமாயின் ஈற்றிலே களைத்து விழுகின்றது என்பது அவர் கண்ட முடிபாகும்.

நாய் துரத்துவது சில நிமிடங்களிலே முடிந்துவிடும். வீட்டுப் படலையைச் சாத்தியதும் நெஞ்சின் படபடப்பு அடங்கிவிடும். தொழிலிடத்து அச்சமோ அவ்வாறு அடங்குவதில்லை. காலையிலே வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்துவிடுமோ என்று தொடங்கும் பதற்றம், கணக்காய்வு ஐயவினாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று வளர்ந்து, மாலையிலே வீட்டுக்கும் கூடவே வருகின்றது. மேசையை விட்டு எழுந்து வந்தவன் மனத்தால் அந்த மேசையிலேயே இருக்கின்றான். வண்டில் மாட்டைக்கூட வீடு வந்ததும் நுகத்திலிருந்து அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, படுக்கவிடுவது வழக்கம். அவிழ்க்கப்படாத மாடு எத்தனை நாளைக்கு இழுக்கும்? மனிதனும் அவ்வாறே. நீண்டகாலம் அவிழ்க்கப்படாத மனம் உயர் குருதி அமுக்கத்துக்கும், இருதய நோய்க்கும், உறக்கமின்மைக்கும், மனச்சோர்வுக்கும் இடமளிக்கின்றது.

ஓரளவு அழுத்தம் நன்மையே என்பதையும் இங்கு கூறவேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் மாணவனுக்கு உண்டாகும் பதற்றம் அவனைப் புத்தகத்தின் முன் இருத்துகின்றது. திருவிழாவுக்கு முதல்நாள் உபயகாரருக்கு உண்டாகும் பரபரப்பு எல்லாவற்றையும் நேரத்துக்கு நடத்தி வைக்கின்றது. பரீட்சை முடிந்ததும், திருவிழா முடிந்ததும் அது தானே இறங்கிவிடுகின்றது. இறங்காத அழுத்தமே தீமை செய்வது.

இலண்டன் கந்தோர்களிலே கண்ட உண்மை

பெரிய பதவியில் இருப்பவருக்கே பெரிய அழுத்தம் உண்டு என்பது பலருடைய எண்ணம். பொறுப்புக் கூடக்கூட மாரடைப்பும் கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பு இங்கிலாந்திலே கிட்டியது. இலண்டனில் அரசாங்கத் திணைக்களங்கள் நிறைந்த வீதியின் பெயர் வைற்ஹோல் என்பதாகும். 1967 இல் அங்குள்ள அரசாங்க சேவையாளரான ஏறத்தாழ 18,000 ஆண்களைப் பற்றிய மருத்துவ ஆய்வொன்று ஆரம்பிக்கப்பட்டது. நிர்வாக அதிகாரிகள் முதல் எழுதுவினைஞர், கடிதம் கொண்டுசெல்லும் பணியாளர் வரை யாவரும் அதிலே அடங்கினர். பேராசிரியர் மைக்கல் மார்மட் முதலியோர் அவர்களுடைய நிலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதினர்.

கண்ட முடிபு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பத்தாண்டு காலத்திலே, மிகக் கீழ்த்தரத்திலே பணிபுரிந்தோர் இருதய நோயால் இறந்த வீதம், மிக உயர்தரத்தில் இருந்தோருடைய வீதத்தைப் போல ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. கீழ்த்தரத்தாரிடையே புகைபிடிக்கும் பழக்கம் கூடுதலாக இருந்தது உண்மையே. ஆயினும் புகைத்தல், குருதி அமுக்கம், குருதியில் கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி நீங்கவில்லை. இவர்கள் பட்டினி கிடந்தவர்களுமல்லர். நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் உள்ளவர்கள். அப்படியாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1985 இல் தொடங்கிய இரண்டாவது ஆய்விலே பெண்களும் சேர்க்கப்பட்டு 10,308 பேர் கவனிக்கப்பட்டனர். தன்னுடைய வேலையை எப்படிச் செய்வது, எதனை முதலிலே செய்வது, எப்போது ஓய்வு எடுப்பது என்பவற்றைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இருதய நோய் கூடுதலாக வந்தமை அதிலே தெரியவந்தது. வேலையின் சுமை அதிகமாயும் அதன்மீது தனக்குள்ள பிடி குறைவாயும் இருக்கும்போதே மனிதன் பெரிதும் நொந்துபோகின்றான் என்று அமெரிக்க அறிஞர் றொபேட் கரசெக் 1979 இல் எழுதியிருந்தார். உழைப்புக்கு ஏற்ற ஊதியமும் மதிப்பும் கிடைக்காதபோது நோய் வருகின்றது என்று அறிஞர் யொகான்னஸ் சீகிறிஸ்ற் 1996 இல் எடுத்துக்காட்டினார்.

இலங்கையின் கச்சேரி முறைமையும் எழுதுவினைஞர் சேவையும் அதே பிரித்தானியர் ஏற்படுத்திவைத்தவையே. கோவை மேலே போவதும், கட்டளை கீழே வருவதும், தரத்துக்குத் தரம் கதிரையின் உயரம் மாறுவதும் இங்குள்ளோருக்குப் புதியவையல்ல. ஆகவே இலண்டனிலே கண்ட அவ்வுண்மையை இங்குள்ளோரும் சிந்தித்துப் பார்ப்பது தகும்.

பாரம் இறங்கும் வழி

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோல மன அழுத்தமும் மேலிருந்து கீழே பாய்கின்றது. அமைச்சிலிருந்து ஒரு அவசரக் கடிதம் வருகின்றது. திணைக்களத் தலைவர் அதனால் சினங்கொண்டு கிளைத் தலைவரை ஏசுகின்றார். கிளைத் தலைவர் எழுதுவினைஞரை ஏசுகின்றார். எழுதுவினைஞர் அலுவலக உதவியாளர் மீது பாய்கின்றார். அல்லது காலை தொடக்கம் காத்துநிற்கும் ஒரு வயோதிபத் தாயைப் பார்த்து, “நாளைக்கு வாங்கோ” என்று எரிந்து விழுகின்றார். அலுவலக உதவியாளர் வீட்டுக்குப் போய் மனைவியை ஏசுகின்றார். மனைவி பிள்ளைக்கு அடிக்கின்றாள். பிள்ளை அடிக்க யாருமின்றி வாசலில் நின்ற நாய்க்குக் கல்லெறிகின்றது. அமைச்சிலிருந்து புறப்பட்ட சினம் நாயிலே வந்து முடிகின்றது.

இவர்களுள் ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவரின் முன்னே மிகவும் அடக்கமாக நின்றவர்களே. ஆகையால் ஒவ்வொருவரும் தம்மைப் பொறுமைசாலி என்றே எண்ணிக்கொள்வர். திருவள்ளுவர் வெகுளாமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இவ்வெண்ணத்தைத் தகர்த்துவிடுகின்றார். தன் சினம் பலிக்கக்கூடிய இடத்திலே அதனைக் காத்துக்கொள்பவனையே அவர் சினத்தைக் காத்தவன் என ஏற்றுக்கொள்கின்றார். பலிக்காத இடத்திலே அடக்கியதனால் ஆவதென்ன என்பது அவர் கருத்து. மேலதிகாரியின் முன்னே வாய்மூடி நின்றது அச்சத்தின் செயல். வயோதிபத் தாயின் முன்னே நாவை அடக்குவதே அறத்தின் செயல்.

இங்கேதான் தொழிலிடத்து மன அழுத்தத்தின் அறநிலை தெளிவாகின்றது. தனக்கு வந்த பாரத்துக்கு ஒருவன் எல்லா வேளையிலும் பொறுப்பாளி ஆகமாட்டான். அது அவனுடைய விருப்பத்தைக் கேட்டு வருவதன்று. ஆனால் அப்பாரத்தைத் தன்னிலும் எளியவர் தலையிலே இறக்கி வைப்பதா, தன்னோடு நிறுத்துவதா என்பது அவனுடைய கையிலே இருக்கின்றது. அந்த ஒரு இடத்திலே கடைநிலை ஊழியனும் சுதந்திரமானவனே. சினம் தன்னோடு நிற்கட்டும் என்று ஒருவர் தீர்மானிக்கும்போது அவருக்குக் கீழேயுள்ள வரிசை முழுவதும் காப்பாற்றப்படுகின்றது. அவர் காப்பாற்றியது யாரையெல்லாம் என்பது அவருக்கே தெரியாமற் போகலாம். அந்த வயோதிபத் தாய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் அது தெரியாது. ஆயினும் நன்மை நடந்தது நடந்ததே.

பொறுமையைப் போதித்தல் போதுமா?

“மனத்தைக் கட்டுப்படுத்து, கோயிலுக்குப் போ, பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்” என்று நொந்துபோனவனுக்குப் புத்தி சொல்வது எளிது. பகவத்கீதையின் போதனை மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. தொழிலைச் செம்மையாகச் செய்வதே தன்னுடையது, பலன் தன் கைக்கு அப்பாற்பட்டது என்று உணர்ந்தவன் வீண்பதற்றத்திலிருந்து விடுபடுகின்றான். ஆயினும் இப்போதனை ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்கும் ஊழியனைப் பார்த்து முதலாளி சொல்லத் தக்கதன்று. பிறருடைய பலனைத் தடுத்து வைத்துக்கொண்டு, பலனை எதிர்பாராதே என்று அவருக்கே உபதேசிப்பது கீதையை நிந்திப்பதாகும்.

கீதை தொடங்கும் விதத்தையும் கவனித்தல் வேண்டும். போர்க்களத்தின் நடுவிலே அருச்சுனனுடைய வாய் உலர்கின்றது, உடல் நடுங்குகின்றது, மயிர்க்கூச்செறிகின்றது, தோல் எரிகின்றது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகின்றது. இன்றைய வைத்தியர் ஒருவர் மன அழுத்தத்துக்கு எழுதிக்கொடுக்கும் குறிகளும் பெரும்பாலும் இவையே. அருச்சுனன் பலவீனனோ கோழையோ அல்லன், வில்லாளருள் முதல்வன். ஆகவே இந்நிலை எவருக்கும் வரலாம். அத்துடன் முதலாம் அத்தியாயத்திலே கண்ணன் அவனுக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. அவன் தன் துயரத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். உபதேசம் பின்னரே வந்தது. புத்தி சொல்ல விரைவோர் யாவரும் இதனை மனங்கொள்ளல் நன்று. முதலிலே கேட்கவேண்டும்.

உலகமும் இப்போது இதனை உணரத் தொடங்கியுள்ளது. தொழிலிடத்திலே தொடர்ந்து நீடிக்கும் அழுத்தம் சரிவரக் கையாளப்படாதபோது உண்டாகும் முற்றான களைப்பை, தொழிலோடு தொடர்புடைய ஒரு நிலை என உலக சுகாதார தாபனம் 2019 இல் வரையறுத்தது. தனி மனிதனின் குறைபாடு என்று அது கூறவில்லை. வாரத்துக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைத்தமையினால் 2016 ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 745,000 பேர் பாரிசவாதத்தாலும் இருதய நோயாலும் இறந்தனர் என அத்தாபனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2021 இல் கணித்து வெளியிட்டன. இலங்கையிலே 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் மேலதிக நேரம் நீங்கலாக வாரத்துக்கு 45 மணித்தியாலம் என எல்லை வகுத்திருக்கின்றது. சட்டம் வகுத்த எல்லையை நினைவூட்டுவது சோம்பேறித்தனமன்று. அநீதியைக் கண்டு, உரிய முறையில் எழுத்திலே முறையிடுவதும், தொழிற்சங்கத்தின் துணையை நாடுவதும் பொறுமைக்கு மாறானவையல்ல. பொறுமை என்பது நாவையும் கையையும் அடக்குதலேயன்றி உண்மையை மறைத்தலன்று.

தன்னால் ஆவதும் ஆகாததும்

இவ்வளவும் கூறியபின், பாரத்தைச் சுமப்பவன் தனக்குச் செய்யத்தக்கவை எவை என்பதையும் நோக்குவோம்.

முதலாவது, பாரத்தைப் பிரித்துப் பார்த்தல். மனத்திலே சுருண்டு கிடக்கும் கவலை பூதம்போலத் தோன்றும். ஒரு கடதாசியை எடுத்து நடுவிலே கோடிட்டு, ஒரு பக்கத்தில் இன்று தன்னால் செய்யக்கூடியவற்றையும் மறுபக்கத்தில் தன் கையில் இல்லாதவற்றையும் எழுதிப்பார்த்தால் அது நாலைந்து வரிகளாகச் சுருங்கிவிடும். இடமாற்றப் பட்டியலில் தன் பெயர் இருக்குமோ என்பது மறுபக்கத்துக்கு உரியது. மேசையில் இருக்கும் மூன்று கோவைகளை முடிப்பது இப்பக்கத்துக்கு உரியது. இப்பக்கத்தில் உள்ளவற்றைச் செய்தவன் மறுபக்கத்துக்காக விழித்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, முடியாததை முடியும் என்று சொல்லாதிருத்தல். மேலதிகாரி மகிழவேண்டும் என்பதற்காக வெள்ளிக்கிழமை முடிப்பதாக ஒப்புக்கொண்டு, வியாழக்கிழமை இரவு நெஞ்சைப் பிடித்துக்கொள்வதிலும், திங்கட்கிழமையே முடியும் என்று அன்றைக்கே சொல்லிவிடுவது நேர்மையானது.

மூன்றாவது, நுகத்தை அவிழ்த்தல். வேலையிலிருந்து வந்ததும் கிணற்றடியில் கைகால் முகம் கழுவி, சிறிது நேரம் நடந்து, தோட்டத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, பிள்ளைகளோடு கதைப்பது உடலுக்கு “நாள் முடிந்தது” என்று அறிவிப்பதாகும். மாலைப் பூசைக்குக் கோயிலுக்கு வருவதும் அத்தகையதே. அங்கே கோவையும் இல்லை, தரமும் இல்லை. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அந்த ஒரு மணித்தியாலம் முழுமையாகும். நுகத்தை அவிழ்க்கச் சாராயத்தை நாடுவோர் ஒன்றை மறக்கலாகாது. அது பாரத்தை இறக்குவதில்லை. அதனை அப்படியே மனைவி மக்களின் தலைக்கு மாற்றிவிடுகின்றது.

நான்காவது, ஓய்வை மதித்தல். அரசாங்க ஊழியருக்குத் தாபனக் கோவையிலே ஆண்டுக்கு 21 நாள் அமைய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் வகுக்கப்பட்டுள்ளன. பிரியாவிடை வைபவங்களிலே “இவர் லீவே எடுக்காதவர்” என்று புகழ்ந்துரைப்பது வழக்கமாகிவிட்டது. அப்புகழுரையைக் கேட்டுக்கொண்டு முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் மனைவியின் முகத்தைப் பார்ப்போர் சிலரே.

ஐந்தாவது, உதவி நாடுதல். வாரக் கணக்காக உறக்கம் வராமை, எதிலும் விருப்பமின்மை, காரணமின்றி அழுகை வருதல், உயிர்வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை தோன்றுமாயின் வைத்தியரைக் காண்பது கட்டாயம். நேர்த்தி வைப்பதும் நூல் கட்டுவதும் மனத்துக்கு ஆறுதல் தரலாம். வைத்தியத்துக்குப் பதிலாக மாட்டா. ஆதார வைத்தியசாலைகள் பலவற்றிலே உளநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துடன் எந்நேரமும் பேசலாம். நீரிழிவுக்கு மருந்தெடுப்பதில் வெட்கமில்லாதபோது இதிலே வெட்கம் எதற்கு?

கோயிலும் ஒரு தொழிலிடமே

மேலே இருப்பவருடைய கடமை பெரிது. அதிகாரம் கூடக்கூட அழுத்தத்தைக் குறைக்கும் வல்லமையும் கூடுகின்றது. ஊழியரைப் பலர் முன்னிலையில் ஏசாது தனியே அழைத்துப் பேசுதல், வேலையை இன்ன காரணத்துக்காக இன்ன நாளில் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுதல், எந்த ஒழுங்கில் செய்வது என்பதை அவருடைய விருப்பத்துக்கு விடுதல், வேலை முடிந்த பின் இரவிலே செய்தி அனுப்பாதிருத்தல், நன்றாகச் செய்தபோது ஒரு வார்த்தை நன்றி கூறுதல் ஆகியவற்றுக்குப் பணம் செலவில்லை. வைற்ஹோல் ஆய்வு கூறும் பாடமும் இதுவே. தன் வேலையிலே தனக்கும் ஒரு சொல் உண்டு என்ற உணர்வு மனிதனின் இருதயத்தையே காக்கின்றது.

மேலதிகாரி என்றதும் கந்தோரையும் கம்பனியையும் மட்டும் நினைத்தலாகாது. கோயிலும் பலருக்குத் தொழிலிடமே. குருக்கள், மேளகாரர், சாத்துப்படி செய்வோர், மடைப்பள்ளியில் சமைப்போர், மாலை கட்டுவோர், இரவுக் காவலர், வீதி கூட்டுவோர் என்று பலருடைய சீவியம் அங்கே தங்கியிருக்கின்றது. மகோற்சவ காலத்திலே அதிகாலை தொடக்கம் நள்ளிரவு வரை உபவாசத்தோடு நின்று கிரியை செய்யும் குருக்களை, “ஏன் சுவாமி பிந்துகின்றது?” என்று உபயகாரர் பலர் முன்னே கேட்கின்றார். ஒலிபெருக்கியில் நன்றியுரை நீண்டுகொண்டிருக்க, வாசித்துக் களைத்த மேளகாரர் வீடுசெல்லக் காத்திருக்கின்றனர். சமையற்கட்டில் வெந்து நிற்பவர் சம்பளத்தைக் கேட்டால், “சாமிக்குச் செய்கிற வேலைதானே” என்று சொல்லிக் கணக்கைத் தள்ளிப்போடுவதும் உண்டு. தெய்வத்தின் பெயரால் ஒருவனுடைய கூலியைத் தாமதிப்பது தெய்வத்துக்கு உவப்பாகுமா? கருவறையிலே ஏற்றும் கற்பூரத்தின் ஒளி மடைப்பள்ளிக்கும் எட்டவேண்டாமா?

அடியார்களும் இதிலிருந்து விலகியவர்களல்லர். வைத்தியசாலையில் வரிசையில் நிற்கும்போது தாதியிடமும், வங்கியிலே காசாளரிடமும், பேருந்திலே நடத்துநரிடமும் பேசும் வார்த்தைகள் அவர்களுடைய அன்றைய பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. ஒருவகையில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு மேலதிகாரியே.

தடுத்த திருக்கரம்

பெரியபுராணத்திலே வரும் திருக்குறிப்புத்தொண்ட நாயனாரின் வரலாறு யாவரும் அறிந்ததே. காஞ்சிபுரத்திலே அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுப்பதைத் தம் தொண்டாகக் கொண்டிருந்தார் அவர். குளிர்காலத்திலே ஒருநாள் மெலிந்த அடியார் ஒருவர் அழுக்கேறிய ஒற்றைக் கந்தையோடு வந்தார். பொழுது சாயுமுன் வெளுத்து உலர்த்தித் தருவதாக நாயனார் வாக்களித்து வாங்கிக்கொண்டார். துணியைத் தோய்த்துவிட்டார், உலர்த்தும் வேளையிலே பெருமழை பிடித்துக்கொண்டது. மழை விடவில்லை, பொழுதும் சாய்ந்தது. குளிரில் வாடும் அடியாருக்குத் தீங்கு செய்துவிட்டேனே என்று பதைத்தவர், துணி துவைக்கும் கல்லிலே தம் தலையை மோதினார். அவ்வேளை இறைவனின் திருக்கரம் தோன்றி அவரைப் பிடித்துக்கொண்டது.

இவ்வரலாறு பக்தியின் உயர்வைக் காட்டுவதற்காகவே பாடப்பட்டது. ஆயினும் தொழில் செய்வோர் இதிலே வேறொன்றையும் காணலாம். நாயனாரின் தொழிலிலே குறையேதும் இருக்கவில்லை. மழை அவருடைய கையில் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்காகத் தன்னையே தண்டித்துக்கொள்ளும் நிலைக்கு நல்லவர்களே மிகுதியும் வருகின்றார்கள். கடமையைப் பெரிதாக மதியாதவனுக்கு இத்துயரம் வருவதில்லை. அவரை ஏன் தாமதம் என்று இறைவன் கேட்கவில்லை. முதலிலே நடந்தது கை பிடித்தல். அருள் வழங்கியது அதன் பின்னரே.

திகதியும் இலக்கும் தவறிவிட்டதென்று மனம் நொந்து நிற்பவர் பக்கத்து மேசையிலே இருக்கலாம். அடுத்த வீட்டிலே இருக்கலாம். சொந்த மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். அவரிடம் “என்ன தம்பி, சாப்பிட்டனியோ?” என்று கேட்டு, அருகில் இருந்து, சொல்வதைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தனக்கு வந்த பாரத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளவும், பிறருக்கு வந்த பாரத்திலே ஒரு கை கொடுக்கவும் ஒவ்வொருவரும் முயல்வாராயின் கந்தோரும் கோயிலும் வீடும் மனிதர் வாழத்தக்க இடங்களாகும். அம்முயற்சி யாவருக்கும் கைகூடுவதாக.